ஐ-140 ஒப்புதல் கையில், கிரீன் கார்டு வரிசையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் வேளாண் விஞ்ஞானிகள், வேலை தருபவர் யாரும் இல்லாமல் 'தேசிய நலன் விலக்கு' கோரித் தாங்களே கிரீன் கார்டு வாங்கிவிடலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. தாங்களே மனுப் போடலாம் என்ற வரைக்கும் சரி. மிச்சத்தை யாராவது சொல்லியாக வேண்டும்.

மனுவின் பெயர் ஐ-140, பிரிவு இபி-2 (வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் இரண்டாம் முன்னுரிமை). இதை எடைபோடும் அளவுகோல், தனசார் என்ற ஆராய்ச்சியாளரின் மனுவில் 2016 டிசம்பரில் வந்த 'தனசார்' முடிவு. எடுத்துக்கொண்ட பணிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்க மனுதாரர் தகுந்தவரா, வேலை வாய்ப்புக் கடிதத்தையும் தொழிலாளர் துறைச் சான்றையும் அவருக்காக விட்டுக்கொடுப்பது நாட்டுக்கு நன்மையா என்று மூன்றையும் அதிகாரி பார்ப்பார்.

வேளாண் மனுக்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே சறுக்குகின்றன. 'மக்கள்தொகை பெருகுகிறது, பருவநிலை மாறுகிறது, உணவுப் பாதுகாப்பு அவசியம்' என்று நான்கு பக்கம் ஓடும். அதிகாரி இதில் எதையும் மறுக்கமாட்டார். இவர் என்ன செய்யப்போகிறார் என்றுதான் திருப்பிக் கேட்பார். ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். 'கிரீனிங்' நோய் அங்கே 2005இல் கண்டறியப்பட்டது. 2003-04இல் சுமார் 24 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், இந்த நோயாலும் புயல்களாலும் 2024-25இல் சுமார் 1.2 கோடிப் பெட்டிக்கு இறங்கிவிட்டது. 'எலுமிச்சைக் குடும்பப் பயிர்களின் நோய்களை ஆராய்வேன்' என்று எழுதினால் நிற்காது. நோயைப் பரப்பும் பூச்சியை எந்த முறையில் கட்டுப்படுத்தப் போகிறார், வயல் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பலன் கிடைத்தால் டெக்சஸ், கலிபோர்னியா தோட்டங்களுக்கும் எப்படிப் போய்ச்சேரும் என்று எழுதினால் நிற்கும்.

தனசார் முடிவிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அவருடைய உந்துவிசை ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றவர்கள், வகுப்பில் பாடம் நடத்துவதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) உழவர்களோடு முடிந்துவிடும் விரிவாக்கப் பணியை மட்டும் காட்டும் மனுவுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது படிக்கு மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதாது. யார், எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்பது வேண்டும். வெளியிடப்பட்ட ரகத்தின் பதிவு, மனுதாரர் பெயர் இடம்பெற்ற அமெரிக்க வேளாண் துறை நிதி ஆவணம், ஒரு விதை நிறுவனம் அந்த முறையைப் பயன்படுத்தியதற்கான கடிதம் ஆகியவை கனமானவை. பரிந்துரைக் கடிதங்களில் சிலவாவது கூடவே வேலை செய்யாதவர்களிடமிருந்து வர வேண்டும். ஐந்து பேராசிரியர்களின் கடிதங்களிலும் ஒரே வாக்கியம் வந்தால் எழுதியது யார் என்பது அதிகாரிக்குப் புரிந்துவிடும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை, இனிஷியல். ஆய்வுக் கட்டுரையில் 'எஸ். குமார்', கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர், பட்டச் சான்றிதழில் வேறு வரிசை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரை வெற்றாக விட்டிருந்தால், முழுப் பெயரும் விசாவில் அந்த இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று விழும். எந்தக் கட்டுரை எந்தப் பெயரில் வந்தது என்று ஒரு பட்டியலும், எல்லாம் ஒருவரே என்ற உறுதிமொழியும் முதலிலேயே வைத்துவிடுவது நல்லது. கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தபின் தேடினால், பதிலுக்கு அதிகபட்சம் 84 நாள், தபாலுக்கு 3 நாள், அவ்வளவுதான்.

கட்டணத்தில் 715 டாலர் ஒன்று, தானே மனுப் போடுபவருக்குப் புகலிடத் திட்டக் கட்டணம் 300 டாலர் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டக் கூடாது. 'பெர்ம்' எனப்படும் தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லை என்பதால் 9089 படிவமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் 'ஏ' பிற்சேர்க்கையும், கையெழுத்திட்ட இறுதி முடிவுப் பக்கமும் மனுவோடு போக வேண்டும். இந்திய அரசு நிதியிலோ ஃபுல்பிரைட் உதவித்தொகையிலோ ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போனவர்களுக்கு ஐ-140 கிடைக்கலாம். ஆனால் இரண்டாண்டு தாயகத் தங்கல் விதியை நிறைவேற்றாமலோ அதற்கு விலக்கு வாங்காமலோ அடுத்த படியான கிரீன் கார்டுக்குப் போக முடியாது.

இனி விளம்பரம் சொல்லாத பகுதி. ஒப்புதலுக்குப் பின்னும் வரிசை உண்டு; யாருக்கு முறை வந்தது என்பதை அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் 'விசா புல்லட்டின்' சொல்லும். இபி-2 இந்தியப் பிரிவில் 2025 அக்டோபர் விசா புல்லட்டின் தேதி 2013 ஏப்ரல் 1. அந்த நாளுக்கு முன் மனுப் போட்டவர்களுக்குத்தான் அப்போது முறை வந்திருந்தது. கூடுதல் பணம் கட்டி 45 வேலை நாளில் முடிவு வாங்கினாலும் இந்த வரிசை ஓர் அங்குலம் நகராது. ஒப்புதலால் கிடைப்பது வேறு: ஹெச்-1பி வேலை விசாவை ஆறாண்டுக்கு மேலும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம், பின்னர் இபி-1 (முதல் முன்னுரிமை) மனு ஏற்கப்பட்டால், முதலில் மனுப் போட்ட நாளான பழைய முன்னுரிமைத் தேதியை அங்கே கொண்டுபோகலாம். அதே புல்லட்டினில் இபி-1 இந்தியத் தேதி 2022 பிப்ரவரி 15. கணக்கு பிறந்த நாட்டை வைத்துத்தான், குடியுரிமையை வைத்து அல்ல. கணவனோ மனைவியோ இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் சேரலாம். இதைக் கேட்டுப் பார்க்காமலே பத்தாண்டுக் காத்திருப்புக்குத் தயாராகிறவர்கள் உண்டு.

இத்தகைய விளம்பரங்களை வெளியிடும்போது, அந்த மாத இந்தியப் பிரிவுத் தேதியையும் பக்கத்திலேயே ஒரு வரியாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேளாண் ஆராய்ச்சியாளர்களின் மனு ஆவணங்களைச் சரிபார்க்கும் வாசகர்கள் சிலர்