அதே பெயர், அதே பாக்கெட், உள்ளே வேறு மை

அனுப்புநர்:
எழுத்தர், லாரி புக்கிங் ஆபீஸ்,
ஈரோடு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பேனா தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: உலோக கிளிக் பேனா மற்றும் ரீஃபில் – சொல்லாமல் மை மாற்றியது, 'சர்வதேச அளவு' என்று விளம்பரம் செய்தது – பணம் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலையும் படித்துவிட்டுத்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன். நான் கேட்டது ஒன்று, பதில் வந்தது வேறொன்றுக்கு. நான் கேட்டது இதுதான்: உங்கள் ரீஃபில்லில் இருந்த மையை மாற்றினீர்களா, இல்லையா?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜவுளி பேல், மஞ்சள் மூட்டை, தறி உதிரி பாகம் என்று எங்கள் ஆபீஸுக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) போட வேண்டும். பல இடங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எங்களிடம் இன்னும் கார்பன் வைத்த புத்தகம்தான். சரக்கு அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. கடைசிக் காப்பியிலும் பேல் எண்ணிக்கை தெளிவாக விழ வேண்டும். 3 என்று எழுதியது 8 மாதிரி தெரிந்தால் சண்டை வருவது எங்கள் கவுன்டரில்தான். பாதி எழுத்து மேஜையில் நடக்கும், மீதி குடோனில், பேல் மேலேயே புத்தகத்தை வைத்து நின்றபடி. மூடி போட்ட பேனா அங்கே ஆகாது, மூடி எங்காவது போய்விடும். சட்டைப் பையில் செருகி, எடுத்த எடுப்பில் ஒற்றைக் கையால் கிளிக் செய்து எழுதும் பேனாதான் வேண்டும்.

ஜெல் பேனா வழுவழுப்பாக எழுதும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கார்பனுக்கு அழுத்துகிற அழுத்தத்தில் ஊசிமுனை ஜெல் பேனா அதிக நாள் தாங்காது. அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கலந்தது, வியர்வைக் கை பட்டால் இழுவிக்கொண்டு போகும். மையும் சீக்கிரம் தீரும். பள்ளிக்கூடத்தில் எல்லோர் பையிலும் இருந்த ரெனால்ட்ஸ் 045 மாதிரியான சாதாரண பால் பாயின்ட், கார்பனுக்கு நல்ல தோழன். அதில் ஒரே சிரமம், நாள் முழுக்க எழுதினால் மணிக்கட்டு வலிக்கும். அழுத்தம் வேறு, இழுவை வேறு. கார்பனுக்காக நான் அழுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. அழுத்தியபடியே கையை நகர்த்தும்போது முனை தடைபடாமல் உருள வேண்டும். அதற்குத்தான் உங்கள் பேனா.

உங்கள் சொந்த இணையதளத்தில் 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு பேனாவுக்கு இவ்வளவா என்று ஆபீஸில் சிரித்தார்கள். அதோடு வந்த ரீஃபில் எழுதிய விதத்தைப் பார்த்தபின் சிரித்தவர்களில் இரண்டு பேர் அதே பேனாவை வாங்கினார்கள். அந்த ரீஃபில்லைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். தொட்டவுடன் கறுப்பாக விழும், கோடு விடாது, நான்காவது காப்பியிலும் எண் தெரியும். உங்கள் விளம்பரத்தில் 'குறைந்த பிசுபிசுப்பு மை' என்று போட்டிருந்தீர்கள். அது வெறும் விளம்பர வார்த்தையாக இல்லை.

பால் பாயின்ட் பேனாவின் கதையே மையின் கதைதான் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முனையில் ஒரு குண்டு உருண்டு மையைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும் என்ற யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ 1938-ல் காப்புரிமை பெற்று, அப்புறம் அர்ஜென்டினா போய் அதை விற்பனைப் பொருளாக்கும் வரைக்கும் ஒழுங்காக எழுதும் பேனா வரவில்லை. காரணம் மைதான். கெட்டியாக இருந்தால் வராது, நீர்த்திருந்தால் கொட்டும். அவருடைய சகோதரர் வேதியியல் தெரிந்தவர் என்பதால் மையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஜப்பானில் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் (கார் செய்கிற மிட்சுபிஷிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை) 2006-ல் கொண்டு வந்த ஜெட்ஸ்ட்ரீம் பேனாவில் புதுமை செய்ததும் இதே மையில்தான். எண்ணெய் மைதான், ஆனால் இளக்கமானது. அதன் பிறகு அந்த வகை மையைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. உங்கள் பழைய ரீஃபில்லும் அந்த வகை என்றே நம்பினேன், எழுதிய விதமும் அப்படித்தான் இருந்தது. ஆகவே ரீஃபில்லுக்குள் இருக்கும் மையை மாற்றிவிட்டு 'அதே பேனாதானே' என்று நீங்கள் சொல்ல முடியாது. வெளியே இருக்கும் உலோகக் குழாய்க்காக யாரும் 350 ரூபாய் கொடுக்கவில்லை.

பழைய ரீஃபில் தீர்ந்ததும் அதே பெயர், அதே எண், அதே நீலப் பாக்கெட்டைப் பார்த்து 60 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். எடுத்த எடுப்பிலேயே காகிதத்தைப் பிராண்டியது. முதல் எழுத்து விழவே இல்லை, இரண்டாவது எழுத்தில் பாதி விழுந்தது. போகட்டும், ஒன்று மோசமாக வந்திருக்கும் என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே. ஆபீஸில் மற்ற இருவர் வாங்கியதும் அதே. காலையில் பிராண்டுகிறது, மதிய வெயிலில் முனையில் மை திரண்டு, எழுதும்போது திட்டாக இறங்குகிறது. கத்திரி வெயில் நேரத்தில் ஈரோடு குடோனில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தால் அந்தத் திட்டு எப்படி இருக்கும் என்று புரியும். கெட்டியான மையின் இழுவை, இளகிய மையின் ஒழுக்கு, இரண்டும் ஒரே ரீஃபில்லில் இருக்கிறது. இதைச் சாதிப்பதும் ஒருவகையில் கஷ்டம்தான்.

நல்லெண்ணெய் டின்னில் வேறு எண்ணெயை ஊற்றி அதே லேபிளோடு விற்றால் அதை என்னவென்று சொல்வோம்? செலவைக் குறைக்க மையை மாற்றுவது உங்கள் உரிமை. மாற்றினால் பெயரை மாற்றுங்கள், எண்ணை மாற்றுங்கள், பாக்கெட்டில் ஒரு வரி போடுங்கள். பார்த்து வாங்குவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இதற்கு உங்கள் சேவைப் பிரிவு சொன்ன பதிலுக்கு வருகிறேன். முனையில் பாதுகாப்புக்கு வைத்த மெழுகு இருக்கும், காகிதத்தில் வட்டமாகக் கிறுக்கினால் சரியாகும் என்றார்கள். அது எனக்கும் தெரியும், முதல் நாளே செய்தாயிற்று. மெழுகு போவதற்கு ஒரு நிமிடம் போதும், முழு ரீஃபில்லும் தேவையில்லை. உங்கள் காகிதம் தரமற்றதாக இருக்கலாம் என்றார்கள். எல்.ஆர். புத்தகம் மாறவில்லை, அச்சகம் மாறவில்லை, பழைய ரீஃபில் எழுதிய அதே புத்தகத்தில்தான் புதியதும் எழுதுகிறது. ஒரே பக்கத்தில் மேலே பழைய ரீஃபில்லின் கடைசிச் சொட்டிலும் கீழே புதியதிலும் எழுதிய தாளை இணைத்திருக்கிறேன். படிக்கக் கண்ணாடி தேவைப்படாது. கடைசியாக, 'எழுதும் அனுபவம் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று ஒரு வரி. அந்த வரியை யார் எழுதினார்களோ அவர்களையே உட்கார வைத்து ஒரு புத்தகம் எல்.ஆர். போடச் சொல்ல ஆசை.

சரி, உங்கள் ரீஃபில் வேண்டாம், பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நிறுவன ரீஃபில்லைப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பேனா பெட்டியில் 'சர்வதேச அளவு ரீஃபில் பொருந்தும்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். உலோக கிளிக் பேனாக்களில் அப்படிச் சொன்னால் நடைமுறையில் அது பார்க்கர் பேனாவில் போடும் வகை. ஐஎஸ்ஓ 12757 என்ற சர்வதேசத் தரத்தில் ஜி2 என்று குறிக்கப்படுவது, நீளம் சுமார் 98 மில்லிமீட்டர். (பைலட் நிறுவனத்தின் ஜி2 என்ற ஜெல் பேனா முற்றிலும் வேறு, அதன் ரீஃபில் இதைவிட நீளம். பெயரைப் பார்த்து மாற்றி வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. நீங்களாவது பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்கலாம்.) பார்க்கர் வகையில் நல்ல இளக்க மை ரீஃபில்கள் கிடைக்கின்றன: ஜெட்ஸ்ட்ரீமுக்கே எஸ்எக்ஸ்ஆர்-600 என்று ஒன்று உண்டு, ஜெர்மனியின் ஷ்மிட் நிறுவனத்துக்கு ஈஸிஃப்ளோ 9000 உண்டு.

அந்த வகை ரீஃபில் ஒன்றை வாங்கிப் போட்டால் முனை வெளியே வருகிறது, திரும்ப உள்ளே போவதில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உங்கள் ரீஃபில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை, பேனாவின் உட்பகுதியும் அதற்கேற்பக் குட்டை. முனை உள்ளே போகாத பேனாவைச் சட்டைப் பையில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் சட்டை துவைப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆக, உங்கள் பேனாவுக்கு உங்கள் ரீஃபில் மட்டும்தான் பொருந்தும். அந்த ரீஃபில்லில் பழைய மை இல்லை. பேனா இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது என் தொழிலுக்கு முக்கியம். பழைய ரீஃபில்லின் உலோகக் குழாயில் ஐஎஸ்ஓ 12757-2 என்று சின்னதாகப் பொறித்திருந்தது. அது ஆவணப் பயன்பாட்டுக்கான தரம். அழிரப்பர், தண்ணீர், ஆல்கஹால், ப்ளீச் என்று பட்டாலும் எழுத்து நிற்கிறதா என்று பார்ப்பது. புதிய ரீஃபில்லில் அந்தக் குறி இல்லை. எல்.ஆர். என்பது சாதாரணச் சீட்டு இல்லை. சரக்கு காணாமல் போனாலோ நனைந்து போனாலோ காப்பீட்டுக் கம்பெனியிலும் கோர்ட்டிலும் நீட்டுகிற காகிதம் அது. புதிய மை அந்தத் தரத்தில் இருக்கிறதா, இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லை என்றால் இதுவரை அதில் எழுதிய எல்.ஆர்.களின் ஆபீஸ் காப்பிகளை நான் நகலெடுத்து வைக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மை எப்போது மாறியது, என்ன மாறியது என்பதற்கு நேரான பதில். பழைய மை ரீஃபில் இன்னும் தயாரிப்பில் இருந்தால் அதை எந்த எண் சொல்லி வாங்குவது என்ற விவரம். அது இல்லையென்றால் பேனாவுக்கும் ரீஃபில்களுக்கும் நான் கொடுத்த பணம், என் இரண்டு சக ஊழியர்களுக்கும் அதே போல. பெட்டியில் 'சர்வதேச அளவு' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு உண்மையான நீளத்தையும், குண்டின் அளவு 0.7 மில்லிமீட்டரா 1.0 மில்லிமீட்டரா என்பதையும் அச்சடிப்பது. இந்தக் கடைசிக் கோரிக்கையால் எனக்கு லாபம் ஒன்றும் கிடையாது, அடுத்து வாங்குகிறவருக்குத்தான்.

பேனாவை உங்கள் இணையதளத்திலேயே வாங்கியிருப்பதால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உங்களுக்கும் பொருந்தும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று அதில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் வரை காத்திருப்பேன். அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, ஆணையம் எங்கள் ஆபீஸிலிருந்து அதிகத் தூரமும் இல்லை.

தீர்ந்துபோன பழைய ரீஃபில், பாதி எழுதிய புதிய ரீஃபில், இரண்டின் பாக்கெட் அட்டைகள், இரண்டாலும் எழுதிய தாள், அதன் நான்காவது கார்பன் காப்பி, பில் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பழைய ரீஃபில்லை மட்டும் ஆய்வு முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் அது தேவைப்படும். போனில் பேசுவதானால் மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம், அது லோடு ஏற்றும் நேரம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு.