செந்திலுக்கு, ஜட்டி விஷயமா

டேய் செந்திலு,

நல்லாருக்கியா. இங்க எல்லாரும் ஓகே. அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரம் ரெண்டு நாள் ஓடுது, சுமதிக்கு ஸ்கூல்ல பேப்பர் திருத்துற வேலை, எனக்கு தொப்பை. ஏழு மாசமா உனக்குப் பதில் போடாததுக்குக் காரணம்லாம் சொல்லப் போறதில்ல, சொன்னாலும் நம்ப மாட்ட. இப்ப எழுதுறதே உன்கிட்ட ஒரு தோல்விய ஒத்துக்கத்தான். 2013ல மேன் ஆஃப் ஸ்டீல் படத்துல சூப்பர்மேன் கொல்றது சரியா தப்பான்னு போட்டோமே, அந்தச் சண்டை. ஆமாடா, அதேதான், குமரேசன் அண்ணன் நடுவுல வந்து ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டாரே, அது.

நடந்தது என்னன்னா, 2025 ஜூலைல ஜேம்ஸ் கன் எடுத்த புது சூப்பர்மேனுக்கு கவினைக் கூட்டிட்டுப் போனேன். பய அன்னைலேருந்து துண்டக் கழுத்துல கட்டிக்கிட்டு சோஃபாவுலேருந்து குதிக்கிறான், வாட்ச்மேன் வளர்க்கிற நாயை, படத்துல வர்ற சூப்பர்மேன் நாய் பேரான கிரிப்டோன்னு கூப்பிடுறான், அது திரும்பிக்கூட பாக்கல. போன ஞாயித்துக்கிழமை "அப்பா வேற சூப்பர்மேன் படம் போடு"ன்னான். நா யோசிக்காம மேன் ஆஃப் ஸ்டீல போட்டுட்டேன். ஊரே இடிஞ்சு விழுந்துச்சு, பய மெதுவா நகந்து நகந்து என் மடில வந்து உக்காந்துட்டான். அப்புறம் அந்த ரயில்வே ஸ்டேஷன் சீன் வந்துச்சு. வில்லன் ஜாட் கழுத்த ஒடிச்சுட்டு சூப்பர்மேன் மண்டி போட்டுக் கத்துறாருல்ல, அப்ப கேட்டான் பாரு, "அவருதான ஜெயிச்சாரு? அப்புறம் ஏன் அழுவுறாரு?"

எனக்கு ஒண்ணுமே சொல்ல வரலடா. அந்த ஒரு சீனுக்காக உன்கிட்ட ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துனவன் நானு. சூப்பர்மேன் கொல்லக் கூடாதுன்னு நீ சொன்ன, "நீ இன்னும் வெளில ஜட்டி போட்ட காலத்துலயே இருடா, இப்பல்லாம் படம் வளந்துருச்சு"ன்னு நா சொன்னேன். அந்தப் படத்துலதான சிவப்பு ஜட்டியத் தூக்குனானுங்க, நமக்கு அது ஏதோ பெரிய முதிர்ச்சி மாதிரி இருந்துச்சு. 2025ல ஜட்டி திரும்ப வந்துருச்சு, கவினுக்கு அது ஒரு விஷயமாவே தெரியல. நீ சிரிக்கிறது இங்க கேக்குது.

நம்ம மேலயும் முழுத் தப்பு இல்ல. 1997ல பேட்மேனுக்கு கிரெடிட் கார்டெல்லாம் குடுத்து கேலிக்கூத்தாக்கி வச்சிருந்தானுங்க, அதுக்கப்புறம் எட்டு வருஷம் பேட்மேன் படமே வரல. 2005ல டைரக்டர் நோலன் வந்து, பணக்கார வீட்டுப் பையன் ஒருத்தன் ஏன் இப்படி மாறுறான்னு நிதானமா சொன்னப்ப புதுசா இருந்துச்சு. அவரோட 2008 படம் டார்க் நைட்டை ஹாஸ்டல்ல பாத்துட்டு விடிய விடியப் பேசுனோமே. அதுல ஜோக்கரா நடிச்ச ஹீத் லெட்ஜர் அந்த ஜனவரியிலயே போயிட்டாரு, ஆஸ்கரை அடுத்த வருஷம் அவர் குடும்பம்தான் வாங்குச்சு. உலகம் பூரா நூறு கோடி டாலருக்கு மேல வசூல். அங்கதான் வந்துச்சு வெனை. இருட்டாக்குனா துட்டுன்னு ஸ்டுடியோக்காரனுக்குப் புரிஞ்சு போச்சு.

ஆனா இந்த வாரம் அந்தப் படத்தைத் திரும்பப் பாத்தேன், அம்மாவ கூட்டிட்டுப் போயி வெயிட்டிங் ஹால்ல உக்காந்து, போன்ல, ரெண்டு தவணையா. ரெண்டு படகு சீன் ஞாபகம் இருக்கா? இந்தப் படகு ஜனங்க கைல அந்தப் படகை வெடிக்க வைக்கிற ரிமோட், அந்தப் படகுல கைதிங்க, அவங்க பக்கத்துல இந்தப் படகுக்கு ஒரு ரிமோட். யார் முதல்ல அமுக்குவாங்கன்னு ஜோக்கர் காத்துக்கிட்டிருக்கான். ஒரு பெரிய ஆளு, கைதி, எழுந்து வந்து ரிமோட்ட வாங்கி ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டுப் போயி உக்காந்துருவாரு. அவ்ளோதான். அப்போ நமக்கு ஜோக்கர் டயலாக் மட்டும்தான் மனப்பாடம், இந்த ஆளை நாம பேசவே இல்லடா! படம் அவ்ளோ இருட்டா இருக்குறதே அந்த ஆளு எந்திரிச்சு வர்றதுக்குத்தான்னு இப்பதான் எனக்கு உறைக்குது. பின்னாடி வந்தவனுங்க மழை, ராத்திரி, கரகரக் குரல் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டானுங்க, அந்தக் கைதிய மட்டும் விட்டுட்டானுங்க. 2016ல பேட்மேன், சூப்பர்மேன்னு ரெண்டு பெரிய மனுஷனுங்க ரெண்டரை மணி நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு சண்டை போட்டு கடைசில ரெண்டு பேரு அம்மா பேரும் மார்த்தான்னு... சரி விடு, அதைப் பத்தி நீயும் நானும் பேசுனது போதும்.

எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டல. லோகன் படம் வேற, அதுல வயசாகுறதும் சாவும் நெசமா இருந்துச்சு, அதுல வர்ற வயசான சார்லஸுக்கு மாத்திரை குடுக்குற சீனெல்லாம் இப்ப பாத்தா எனக்கு எங்க வீடுதான். 2022 பேட்மேன்ல கூட, நான்தான் பழிவாங்கல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் அதே வார்த்தைய ஒரு ரவுடி வாயில கேட்டுட்டு ஆடிப் போயிருவான், கடைசில வெள்ளத்துல தீப்பந்தத்தப் பிடிச்சுக்கிட்டு ஜனங்களுக்கு வழி காட்டுவான். ஜோக்கர் 2019 எனக்குப் பிடிக்கல, உனக்குப் பிடிக்கும், அதுக்கு நா வரல.

ஒண்ணு சொல்றேன், கிண்டல் பண்ணாத. அப்போ நமக்கு மெஸ் பில்லு தவிர ஒரு கவலையும் கெடையாது, அதான் இருட்டு ஸ்டைலா தெரிஞ்சுருக்கு. இப்ப அம்மா கைல ஊசி குத்துற எடத்தப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, யாராவது ஒருத்தன் சும்மா உதவி பண்றத பாக்கணும்போல இருக்குடா. புதுப் படத்துல அவ்ளோ பெரிய மிருகத்தோட சண்டை நடக்குறப்போ சூப்பர்மேன் ஒரு அணிலைத் தூக்கிட்டுப் போயி பத்திரமா விடுவாரு. தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க, நா மட்டும் கண்ணைத் தொடச்சேன். கவின் பாத்துட்டான், சுமதிகிட்ட போட்டுக் குடுத்துட்டான்.

அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி பய தூங்கல. எந்திரிச்சு வந்து திரும்பவும் அதே கேள்வி. 1978 சூப்பர்மேன் படத்தைப் போட்டேன், கிறிஸ்டோபர் ரீவ் நடிச்சது. மரத்துல மாட்டிக்கிட்ட பூனைய எறக்கிக் குடுப்பாருல்ல, அந்த எடத்துலதான் கொறட்டை விட ஆரம்பிச்சான். நா மிச்சத்த தனியா பாத்தேன்.

உங்கப்பா திதி அடுத்த மாசந்தான? போன தடவை வரேன்னு சொல்லி வராம போனது எனக்கு இன்னும் உறுத்துது, இந்தத் தடவை கண்டிப்பா வரேன், தேதிய மட்டும் வாட்ஸப்ல போடு. அந்தச் சண்டைல கட்டுன பரோட்டா பந்தயம் நாந்தான் தோத்தேன், வாங்கித் தரேன். ஆனா பதினாறு பரோட்டாதான், வட்டியெல்லாம் கேக்காத.

முரளி