சிம்கோ ஏரிக்கு எந்தப் படகு?

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. பெரியண்ணையின் வீட்டு விசயத்தைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எனக்கு அவசரமாக உன் மூளை வேண்டும்.

குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரிக்குப் போய்வரப் பழைய பைபர்கிளாஸ் மோட்டார்ப் படகொன்று வாங்குவதென்று தீர்மானித்து, இரண்டைப் பார்த்துவைத்திருக்கிறோம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒன்று பதினேழு அடி நீளம். அடிப்பாகம் ஆழமான ‘வி’ வடிவம். எஞ்சின் பின்புறத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. அணியத்திலும், அதாவது முன்புறத்திலும், மெத்தை இருக்கைகள் உள்ள அந்தப் படகில் ஏறிய பிள்ளைகள் இறங்க மறுத்துவிட்டார்கள். உன் தங்கச்சியும் அவர்கள் கட்சி. மற்றது பொஸ்ரன் வேலர் நிறுவனத்தின் மொன்ரோக்: 16 அடி 7 அங்குலம், அடிப்பாகம் அவ்வளவு ஆழமில்லை, பின்பலகைக்கு வெளியே பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின், ஆடம்பரம் எதுவுமில்லை.

இந்த இரண்டு அடிவடிவங்களுக்கும் பின்னால் இருப்பவர் றே ஹன்ற் என்ற ஒரே வடிவமைப்பாளர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1958இல் வெளிவந்த முதல் வேலரில் அவருடைய பங்கு உண்டு. 1960இல் மயாமி–நசாவ் மோட்டார்ப் படகோட்டத்தை வென்ற ஆழமான ‘வி’ படகும் அவர் வரைந்ததே. காற்றெழும்பினால் சிம்கோவில் குறுகிய, செங்குத்தான அலைகள் விரைவாகக் கிளம்பும். ‘வி’ அவற்றை வெட்டிக்கொண்டு போகும், வேலரோ அறைந்து அறைந்து முதுகை நோகச் செய்யும். ஆனால் நிறுத்திவிட்டுக் குளிக்கும்போது எல்லோரும் ஒரு பக்கம் வந்தால் ‘வி’ சரியும். வேலர் அவ்வளவாக அசையாது. அம்மாவை ஏற்றி இறக்க அதுதான் வேண்டும்.

என் நித்திரையைக் கெடுப்பது வேறொன்று. இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கான அமெரிக்க விதியின்படி, நீர் நிரம்பினாலும் அவுட்போர்ட் படகு ஏறத்தாழச் சமமட்டமாக மிதக்கவேண்டும். எஞ்சினை உள்ளே வைத்த படகுக்கோ ஏதாவதொரு பாகம் நீருக்கு மேலே தெரிந்தாலே போதும். அணியம் மட்டும் வானத்தைப் பார்க்க நிற்கும் படகில் அம்மா எதைப் பிடித்துக்கொள்வார், சொல். வேலரின் இரண்டு பைபர் தோல்களுக்கிடையே நுரை நிரம்பியிருக்கிறது. 1961இல் அந்நிறுவனத்தின் டிக் ஃபிஷர் உள்ளே அமர்ந்திருக்கப் நீரில் மிதந்த படகை மரமறுக்கும் வாளால் இரண்டாக அறுத்த படத்தை ‘லைஃப்’ இதழ் வெளியிட்டது. இன்னொன்று, உள் எஞ்சினில் நீரை முழுதாக வடிக்காமல் விட்டால் எங்கள் குளிரில் அது உறைந்து எஞ்சின் உடலிலேயே வெடிப்பு விழச் செய்துவிடும். அவுட்போர்ட்டை நிமிர்த்தி வைத்தால் நீர் தானாக வடிந்துவிடும்.

எல்லாம் வேலருக்கே சாதகம் என்றிருந்தபோது, அதன் எஞ்சின் பூட்டிய பின்பலகையைச் சிறிய பிளாஸ்ரிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். ‘டக் டக்’ என்று கேட்ட சத்தம் வலப்பக்கப் போல்ற்றுக்கு அருகில் ‘பொத்’ என்று மாறியது. கீழிருந்த திருகாணியைக் கழற்றியதும் தேயிலைச் சாயம்போலப் பழுப்பு நீர் கசிந்தது. உள்ளே ஒட்டுப்பலகை உக்கியிருக்கிறது. நுரையும் நீர் குடித்திருந்தால் நான் நம்பும் அந்த மிதப்பிலும் குறைவு வரும். நாளை இழுவண்டியோடு நிறுத்துப் பார்த்து, இழுவண்டியின் எடையைக் கழித்து, நிறுவனம் குறிப்பிட்ட எடையோடு ஒப்பிடப்போகிறேன். எடை சரியாக வந்தால், பலகைச் செலவை விலையில் குறைக்கச் சொல்லி வேலரையே எடுப்பேன். கூடுதலாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடுவேன், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும்.

அங்கே புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் பைபர் வள்ளங்களின் பின்பலகை உக்கினால் உள்ளிருந்து திறந்து மாற்றுகிறார்களா, வெளித்தோலை வெட்டியா? எந்த மரம் வைக்கிறார்கள்? உன் மச்சினனிடம் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
உன் மச்சான்