நனைந்து கிடக்கும் நெல்லை எடை போடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
குறுவை சாகுபடி விவசாயிகள் 41 பேர் (கையெழுத்து இணைப்பில்),
வாய்க்கால்கரைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 27.10.2025

பொருள்: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 24 நாட்களாகக் காத்திருக்கும் நெல்லை உடனே எடை போடக் கோருதல், தொடர்பாக.

பார்வை: 1) 13.10.2025 திங்கட்கிழமை மனு. 2) 17.10.2025 விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனு. 3) உதவி எண்ணில் பதிந்த புகார். ('நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது' என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. என்ன நடவடிக்கை என்று அதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோடையில் தூர் வாரும் வேலையைப் பார்க்க வந்தபோது வெண்ணாற்றுப் பாலத்தின் மேல் நின்று கொஞ்ச நேரம் எங்களோடு பேசினீர்கள். பாலத்திலிருந்து வலது கைப்பக்கம் தெரிந்த சிமெண்டுக் களமும் தகரக் கொட்டகையும்தான் எங்கள் கொள்முதல் நிலையம். அன்றைக்கு அதில் ஆடு படுத்திருந்தது. இப்போது வந்தால் களம் தெரியாது, படுதாதான் தெரியும். களம் நிறைந்து, ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க, சுடுகாட்டு முனை வரைக்கும் நெல் குவியலாகக் கிடக்கிறது. பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. எங்கள் குறைகளைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கீழே எழுதுகிறோம்.

1. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. குறுவை போடச் சொன்னார்கள், போட்டோம். தண்ணீர் கடைமடைக்கு வந்தது. உரம் கொஞ்சம் தட்டுப்பாடு, அது கிடக்கட்டும். விளைச்சலில் குறை இல்லை. நல்ல விளைச்சல் வந்ததுதான் இந்த ஆண்டு எங்களுக்கு வினையாகிவிட்டது.

2. நான் மூன்று ஏக்கரில் சன்ன ரகம் போட்டேன். மிஷின் வைத்து அறுத்து, 40 கிலோ சிப்பக் கணக்கில் 150 சிப்பம் தேறியது. அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை களத்தில் கொட்டினேன். வரிசை எண் 63 என்று சீட்டு கொடுத்தார்கள். முதல் வாரம் எடை ஓரளவு நடந்தது. அப்புறம் ஒரு நாள் சாக்கு இல்லை, மறுநாள் சாக்கு வந்தது, சணல் இல்லை. அதுவும் வந்தபோது வாங்கிய மூட்டைகளை ஏற்றிப்போக லாரி இல்லை. 'மூவ்மெண்ட் இல்ல' என்பதுதான் இந்த மாதம் நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தை. வாங்கிய சிப்பங்கள் களத்திலேயே அட்டி அட்டியாக நிற்கின்றன. அவை போனால்தான் எங்கள் நெல்லுக்கு இடம். ஏன் போகவில்லை என்று கேட்டால், கிட்டங்கியில் இடம் இல்லை என்கிறார் ஒருவர். அரவை ஆலைக்கு நெல் எடுக்கும் உத்தரவு வரவில்லை என்கிறார் இன்னொருவர். ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று கலக்கும் செறிவூட்டிய அரிசிக்கு அனுமதி தாமதம், அதனால் அரவை நிற்கிறது என்கிறார் மூன்றாமவர். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறுவை அக்டோபரில்தான் வரும் என்பது ஜூன் மாதமே எல்லோருக்கும் தெரியும் அல்லவா?

3. இனி ஈரப்பதம். ஐயா மற்றதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் முழுசாகப் படிக்க வேண்டுகிறோம்.

17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. விதியோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஈர நெல்லை மூட்டை பிடித்து அடுக்கினால் உள்ளே சூடேறிப் பழுத்துவிடும், அரைத்தால் நொய்யாகும் என்பது எங்கள் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் மிஷின் கொட்டிய நெல்லை இரண்டு நாள் ரோட்டில் விரித்து, காலால் கிளறிக் காயவைத்து, கருக்காய் போகத் தூற்றிக் கொண்டு வந்தேன். 3ஆம் தேதி அங்கிருந்தவர் ஒரு கை அள்ளி மீட்டரில் போட்டார். 16.4 காட்டியது. 'நல்லாருக்கு, கூப்பிடுறோம்' என்றார். அந்த 16.4 எந்த நோட்டிலும் ஏறவில்லை. சீட்டில் வரிசை எண் மட்டும் இருக்கிறது. நானும் எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

16ஆம் தேதி பருவமழை தொடங்கியது. அதிலிருந்து எங்கள் பிழைப்பு என்னவென்று சொல்கிறேன். காலையில் படுதாவை விலக்கினால் குவியலில் இருந்து ஆவி வரும், கையை உள்ளே விட்டால் சுடும். அப்போது பார்த்தால் 21 காட்டும். பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில் வந்தால், ரோட்டில் கிடைத்த இடத்தில் பரப்பி, நானும் வீட்டுக்காரியும் மாறி மாறிக் கிளறுவோம். இரண்டு மணிக்கு 18.5. இன்னும் ஒரு மணி நேரம் வெயில் நின்றால் போதும் என்று நினைக்கும்போதே மேற்கே கறுக்கும். அள்ளிக் குவித்துப் படுதா போடுவதற்குள் பாதி நனைந்துவிடும். ராத்திரி ஒருவர் காவல் இருக்க வேண்டும். படுதா காற்றில் எகிறாமல் கல் வைக்க வேண்டும், அடியில் ஓடும் தண்ணீருக்கு வரப்பு கட்ட வேண்டும். தீபாவளி அன்றும் அங்கேதான் இருந்தேன். பேரன் வந்து பட்டாசைக் களத்துக்குப் பக்கத்தில் வெடிக்கப் பார்த்தான், சாக்கு பற்றிக்கொள்ளும் என்று விரட்டினேன். அழுதுகொண்டே போனான்.

22ஆம் தேதி 63ஐக் கூப்பிட்டார்கள். மீட்டர் 19.8. 'காயவச்சுக் கொண்டாங்க' என்றார்கள். எங்கே காயவைப்பது ஐயா? களத்தில் தாங்கள் வாங்கிய மூட்டை நிற்கிறது. ரோட்டில் மற்றவர் நெல் கிடக்கிறது. வானத்தில் மழை. 64ஐக் கூப்பிட்டார்கள், அவருக்கு 20.1. அவரும் போய்விட்டார். 70 வரை கூப்பிட்டுவிட்டு அன்றைக்குக் காலை எடை இல்லை என்று மூடிவிட்டார்கள்.

இந்த ஈரம் எங்கள் வயலில் இருந்து வந்தது இல்லை. காய்ந்த நெல்லைத்தான் கொண்டு வந்தோம். காக்கவைத்த இடத்தில் ஏறிய ஈரம் இது. அந்த ஈரத்துக்கு யார் பொறுப்பு? கொண்டு வந்த அன்றைக்கே மீட்டர் போட்டு எடுத்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை.

4. 2023 பிப்ரவரியில் தை அறுவடையில் மழை வந்து கெடுத்தபோது 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு தளர்வு கொடுத்தது. இந்த முறை 22 கேட்டிருப்பதாகப் பேப்பரில் படித்தோம். கொடுத்தால் சந்தோஷம். ஆனால் டெல்லியில் முடிவாகும் வரைக்கும் முளைக்காமல் இரு என்று நெல்லிடம் சொல்ல முடியவில்லை. குவியலின் அடியில் இருப்பது முளைக்க ஆரம்பித்துவிட்டது. கெட்டது, நிறம் மாறியது, முளைத்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டினால் அதையும் வாங்காமல் தள்ளிவிடுவார்கள். ஆக இன்னும் ஒரு வாரம் போனால், ஈரம் காய்ந்து வந்தாலும் எடுக்க மாட்டீர்கள்.

5. பயிர்க் காப்பீடு செய்யவில்லையா என்று சென்ற கூட்டத்தில் ஓர் அலுவலர் கேட்டார். காப்பீடு வயலில் நிற்கும் பயிருக்கு. அறுத்த பிறகு வயலிலேயே காயப்போட்டிருந்தால் 14 நாள் வரை உண்டு. கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கும் நெல்லுக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

6. சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய் என்று அறிவித்திருக்கிறீர்கள். சிப்பத்துக்கு 1,018 வருகிறது. நல்ல விலைதான், குறை சொல்ல மாட்டோம். நேற்று ஒரு வியாபாரி வண்டியோடு வந்து சிப்பம் 700 என்றார். மீட்டர் இல்லை, சீட்டு இல்லை, கையில் காசு. மூன்று பேர் போட்டுவிட்டார்கள். நானும் போட்டால் எனக்கு 47,700 ரூபாய் நட்டம். போடாவிட்டால் சம்பா நடவுக்குக் கூலி கொடுக்கக் காசு இல்லை. நாற்று வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. கூட்டுறவில் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. அறிவித்த விலை யாருக்கு ஐயா?

(சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்குவதைப் பற்றி இந்த மனுவில் எழுதவில்லை. எழுதினால் நடக்கிற கொஞ்சமும் நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எழுதவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.)

7. இது எங்கள் 41 பேர் பிரச்சினை மட்டும் இல்லை. நாட்டுக்குச் சோறு பற்றாமல் கப்பலில் கோதுமை வந்த காலத்தில், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் வைத்தார்கள். நெல் இங்கே இருக்கிறது என்பதால்தான் வைத்தார்கள். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டீர்கள். நாங்கள் வெடி வெடித்துக் கொண்டாடினோம், பொய் சொல்லவில்லை. ஆனால் மண்ணைப் பாதுகாத்து, அதில் விளைந்ததை மழையில் போட்டால் அது என்ன பாதுகாப்பு? எங்கள் வயலில் நடவு நட்ட பெண்கள் மாதா மாதம் ரேஷன் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். இங்கே முளைத்துக்கொண்டிருப்பது அந்த அரிசிதான். பழுப்பாக இருக்கிறது, வாடை வருகிறது என்று நாளைக்கு அவர்கள் மனுவோடு தங்களிடம் வருவார்கள்.

8. லாரி அனுப்புங்கள் ஐயா. வேறு என்ன எழுதுவது.

ஆகவே ஐயா அவர்கள் தயவு செய்து,

அ) நிலையத்தில் தேங்கியிருக்கும் மூட்டைகளை எடுத்துப் போக இன்றைக்கே லாரிகள் அனுப்ப உத்தரவிட வேண்டும். களம் காலியானால் நெல்லை நாங்களே காயவைத்துக்கொள்வோம்.

ஆ) 16ஆம் தேதிக்கு முன்பு சீட்டு வாங்கிய எல்லோர் நெல்லையும், காத்திருந்த நாளைக் கணக்கில் எடுத்து, எடை போட வேண்டும். மூன்று முறை கேட்டுவிட்டோம், நான்காவது முறையாகவும் இதைத்தான் கேட்கிறோம்.

இ) இனிமேல் நெல் கொண்டு வரும் அன்றே ஈரப்பதத்தைப் பார்த்து, தேதியோடு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்கு நிதி தேவையில்லை, அரசாணை தேவையில்லை. ஒரு பேனா போதும்.

ஈ) எடை மிஷின் இன்னொன்று. இரவிலும் எடை போட விளக்கு. ஈரம் உறிஞ்சும் உலர்த்தும் மிஷின் பக்கத்து ஒன்றியத்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள், அதை இரண்டு நாள் இங்கே அனுப்பினாலும் சரி.

அலுவலர் யாரையாவது அனுப்பி அறிக்கை கேட்பதாக இருந்தால், காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆவி வருவதைப் பார்க்கலாம். ஐயாவே நேரில் வந்தால் இன்னும் நல்லது. பாலத்திலிருந்து பார்த்தால் போதாது, இறங்கி வந்து ஒரு குவியலுக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டும். என் குவியல் தகரக் கொட்டகைக்கு அடுத்து மூன்றாவது, நீலப் படுதா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசை எண் 63
(மற்றும் 40 பேர்)

இணைப்பு:
1. கையெழுத்துப் பட்டியல்.
2. முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல்.
3. ஒரு கவரில் இரண்டு பிடி நெல். இன்று காலை குவியலின் அடியில் இருந்து எடுத்தது, முளை விட்டிருக்கிறது. கவரைப் பிரிக்காமல் கோப்பில் வைக்க வேண்டாம், வாடை அடிக்கும்.