பயிற்சியாளரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர ஓட்டத்தில் முன்னணியில் இருக்கும் ஒருவர் ஒரு சீசன் தடுமாறிவிட்டால் போதும், ‘கோச்சை மாத்து’ என்று நாலாபக்கமும் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு நம் மைதானங்களில் முதல் முடிவாகிவிடுகிறது.

கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 18 வயதில் 5,000 மீட்டர் உலக சாம்பியன் ஆனவர். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கிற்கான கென்ய அணியிலேயே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதும் பயிற்சியாளர் பேட்ரிக் சாங்கை விட்டு அவர் விலகவில்லை. ஓடும் தூரத்தைத்தான் மாற்றினார். 2013 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் முதல் மாரத்தானையே 2:05:30 நேரத்தில் வென்றார். நம் ஓட்டக்காரர் அவினாஷ் சாப்ளே, பயிற்சியாளர் அம்ரிஷ் குமாரிடமிருந்து வெளிநாட்டுப் பயிற்சியாளர் நிக்கொலாய் ஸ்னெசரேவிடம் போய், அந்தக் கடும் பயிற்சி ஒத்துவராமல் அம்ரிஷிடமே திரும்பினார். 2018இல் புவனேஸ்வரத்தில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) 8:29.80இல் ஓடி, கோபால் சைனியின் 37 ஆண்டு தேசிய சாதனையை முறியடித்தார். ஸ்னெசரேவ் பெரிய பயிற்சியாளர்தான். ஒருவருக்குப் பொருந்தும் பயிற்சிப் பளு இன்னொருவருக்குப் பொருந்தாது, அவ்வளவே.

ஓட்டம் மந்தமானால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 13 இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள்; அங்கேதான் தவறு நடக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் உடலுக்குள் உண்டாகும் அழற்சியால் ஃபெரிட்டின் கூடுதலாகத் தெரியும். இரண்டு நாள் லேசாக ஓடிவிட்டு, காலையில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்த்துப் பாருங்கள். பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் விட வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 மிக அவசியம். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பயன் வெகுவாகக் குறையும். கடும் ஓட்டம் முடிந்து 3 முதல் 6 மணி நேரம் வரை குடல் இரும்பை ஏற்பது குறையும் என்பதால், காலை ஓட்டத்துக்கு முன்போ முடித்த அரை மணிக்குள்ளோ எடுப்பது நல்லது. இரும்புச் சேமிப்பு நிரம்ப இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். இந்தக் குறையோடு ஊட்டி மாதிரி உயரமான இடத்து முகாமுக்குப் போனாலும், புது ரத்த அணு உண்டாக இரும்பு இல்லாததால் உயரத்தின் பலன் கிடைக்காது. வீராங்கனைக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தால் அது கடும் பயிற்சியின் அடையாளம் அல்ல. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கை. அடுத்து எலும்பில் விரிசல் வரலாம். இதைக் கேட்கக் கூச்சப்படும் பயிற்சியாளர் பெண்களுக்குப் பயிற்சி தரக் கூடாது.

ரத்தத்தில் குறையில்லை என்றால் ஆறு மாதப் பயிற்சி டைரியைப் பிரித்துப் பாருங்கள். 5,000 மீட்டரை 13:40இல் ஓடுபவரின் போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 2:44. அவருடைய ஈஸி ரன் (லேசான ஓட்டம்) 4:15 முதல் 4:45 வரை இருந்தால் போதும். முகாமில் ஒருவரையொருவர் முந்தி, அதையே தினமும் 3:40இல் ஓடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை இன்டர்வலுக்கு (இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) கால் செத்திருக்கும். பழி கோச்சின் அட்டவணை மேல் விழும்.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியும் பார்க்க மறுக்கிறார், வலி என்றால் ‘நடிக்காதே’ என்கிறார், எடையைச் சொல்லி எல்லோர் முன்னும் அவமானப்படுத்துகிறார், கேள்விப்படாத ஊசியோ பொடியோ நீட்டுகிறார் என்றால் தயங்கவே வேண்டாம். கடைசிக் காரணத்துக்கு அன்றைக்கே வெளியேற வேண்டும். மற்றவற்றுக்கு சீசன் முடியும்வரை பொறுக்கலாம். பெரிய போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாறுவது ஆபத்து.

மாறினால் இரண்டு ஆண்டு டைரி, காய வரலாறு, ரத்த அறிக்கைகள் எல்லாம் புதியவர் கைக்குப் போக வேண்டும். முதல் 6 முதல் 8 வாரம் வாரத் தூரம் பழைய அளவிலேயே இருக்கட்டும். தூரம், வேகம், எடைப் பயிற்சி மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் நுரையீரல் ஈடுகொடுக்கும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். இரண்டாம் மாதத்தில் வரும் கெண்டைக்கால் எலும்பு விரிசலுக்கு இதுதான் காரணம். ஓர் ஆண்டு போகும்முன் புதியவரை எடைபோடாதீர்கள்.

புதியவர் ஊக்கமருந்துத் தடையில் இருப்பவரா என்றும் விசாரியுங்கள். 2019இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலசாருக்கு நான்கு ஆண்டுத் தடை வந்ததும் அவரிடம் இருந்தவர்கள் உடனே விலக வேண்டியிருந்தது. தடையில் இருப்பவரோடு பயிற்சி செய்வது வீரருக்கே குற்றம். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருப்பவர் ஊர் மாறும் அன்றே இருப்பிட விவரத்தைத் திருத்திவிட வேண்டும். இருப்பிட விவரம் தருவதிலோ சோதனைக்கு இருப்பதிலோ 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்தே தொடாதவருக்கும் இரண்டு ஆண்டு வரை தடை வரும்.

இப்படிக்கு,
தடகளப் பயிற்சியாளர்,
திருச்சி