சோற்றைக் குறைத்தால் மாத்திரையையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்டெல்லாம் நல்லதா கெட்டதா என்று இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒருவர் அரிசியே விஷம் என்கிறார், இன்னொருவர் நெய்யும் முட்டையுமாகத் தின்றால் நாற்பதிலேயே மாரடைப்பு என்கிறார். ரஜினி கமல் ரசிகர் சண்டை மாதிரி படிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் கரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் சுகர் சீட்டு இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடினேன்: ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் இந்த டயட்டில் இறங்கினால் அந்த மாத்திரையை என்ன செய்வது? ஒரு வரி கூட இல்லை.

இந்த டயட்டில் இறங்குகிறவர்களில் ஜிம்முக்குப் போகும் பையன்களை விட சுகர்காரர்கள்தான் அதிகம் என்பது எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்ததே, நாட்டில் பத்து கோடிக்கு மேல் நீரிழிவு நோயாளிகள், தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் என்று. இவர்களில் யாரோ அனுப்பிய வாட்ஸாப் பட்டியலைப் பார்த்து, கேட்க ஒரு ஆளில்லாமல், திங்கட்கிழமை காலையிலிருந்து சோற்றை விடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. ஒருநாள் பதினொரு மணி வாக்கில் வந்து, "அண்ணா, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க, படபடன்னு வருது" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கவுண்டர் கண்ணாடி மேல் வைத்த கை நடுங்கியது. உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் 52, சுகர் ரொம்பவே இறங்கியிருந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி நீட்டினேன், மனுஷன் கையைத் தள்ளிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இனிப்பு வேண்டாங்கண்ணா, டயட்ல இருக்கேன்." அதட்டித்தான் குடிக்க வைத்தேன். காலையில் வழக்கமான இட்லிக்குப் பதிலாக ஒரு பட்டர் டீ குடித்திருக்கிறார், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் நாலு இட்லி சாப்பிட்டீர்களா, வெண்ணெய் போட்ட டீ குடித்தீர்களா என்று அவை பார்ப்பதில்லை. நாலு இட்லிக்கு என்று டாக்டர் கணக்குப் போட்டு எழுதிய அளவு, இட்லியே வராத வயிற்றில் போய் அதே வேலையைச் செய்யும், சுகர் தடாலென்று இறங்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை. ஆனால் தன் சீட்டில் இருப்பது எந்த மாத்திரை என்று தெரிந்து வைத்திருப்பவர் எத்தனை பேர்? "அந்த மஞ்சக் கலர் மாத்திரைங்க" என்றுதான் கேட்கிறார்கள். பிரஷர் மாத்திரைக்கும் இது பொருந்தும். மாவுச்சத்தைக் குறைத்ததும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் நிறைய வெளியே போகும், பிரஷர் இறங்கும், பழைய அளவிலேயே மாத்திரையைப் போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அதைப் பலவீனம் என்று நினைத்து டானிக் கேட்டு வருகிறார்கள்.

இதற்கு நேர் எதிராக நடப்பதும் உண்டு. ஜவுளி கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மாதா மாதம் வாங்குவதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்துக் கேட்டால், "சோறே திங்கறதில்லைங்க தம்பி, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?" என்கிறார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டிருக்கிறார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பார்த்தீர்களா என்றால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டயட்டினால் மாத்திரை குறைவது நடக்கக்கூடியதுதான், நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எதை முதலில் குறைப்பது, எதைத் தொடக்கூடாது என்பதை ரத்தப் பரிசோதனையை வைத்து டாக்டர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் என்ன டயட்டில் இருந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் இன்னொரு மாத்திரையை நினைத்துத்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு வகை இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவது இதன் வேலை. நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருகிறது என்பதால் டாக்டர்கள் விரும்பி எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் வசதியானவர்கள் மட்டும்தான் வாங்குவார்கள். டாபாவின் காப்புரிமை 2020இல் முடிந்தது, எம்பாவுக்கு 2025இல் முடிந்தது, அப்புறம் ஆளாளுக்குப் போட ஆரம்பித்து விலை தரைக்கு வந்துவிட்டது. இன்று சாதாரணக் கூலி வேலைக்காரர் சீட்டிலும் இது இருக்கிறது.

இதைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றை அடியோடு விட்டால் என்ன ஆகும்? உள்ளே வரும் மாவுச்சத்தும் குறைவு, இருக்கிற சர்க்கரையையும் மாத்திரை வெளியேற்றுகிறது, இன்சுலின் அளவு இறங்குகிறது, உடம்பு கொழுப்பை உருக்கி கீட்டோன்களைக் குவிக்கிறது. சிலருக்கு அது அளவு மீறி ரத்தமே அமிலமாகிவிடும். கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். சாதாரணமாக இது வரும்போது சுகர் நானூறு ஐந்நூறு என்று எகிறும், வீட்டில் இருப்பவர்கள் பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இந்த மாத்திரையில் இருக்கும்போது மீட்டர் நூற்றைம்பது, இருநூறு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல். சுகர்தான் நார்மலாக இருக்கிறதே, இது அஜீரணம் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இந்த மருந்துகள் பற்றி எச்சரிக்கை கொடுத்துவிட்டது. உங்கள் பக்கத்தில் லோ கார்பை ஆதரித்தவரும் இதைச் சொல்லவில்லை, எதிர்த்தவரும் சொல்லவில்லை. எதிர்த்தவருக்கு இதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது, அவர் என்னவோ ஆதிமனிதன் எத்தனை வயது வரை வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சியிலேயே பாதி இடத்தைத் தீர்த்துவிட்டார்.

நான் லோ கார்புக்கு எதிரி இல்லை, சொல்லப்போனால் ஓரளவு அந்தக் கட்சிதான். இதை ஏதோ இன்ஸ்டாகிராமில் பிறந்த மோகம் என்று எதிர்த்தவர் எழுதியிருப்பது சரியில்லை. 1863இலேயே வில்லியம் பான்டிங் என்ற லண்டன்காரர், சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில் அவருக்கு, ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு எடை குறைந்த கதையைச் சொந்தக் காசில் அச்சடித்து விநியோகித்தார். 1922இல் இன்சுலின் வரும் வரைக்கும் நீரிழிவுக்கு டாக்டர்களிடம் இருந்த முக்கிய வைத்தியமே மாவுச்சத்தைக் குறைப்பதுதான். வலிப்பு நோய்க்கு மேயோ கிளினிக்கில் 1921இல் தொடங்கிய கீட்டோ உணவு இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அங்கே டாக்டரும் உணவு நிபுணரும் கிராம் கணக்கில் அளந்து, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள், நம் ஊரில் அதே சாப்பாட்டை யூடியூப் தம்பி கொடுக்கிறார்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2021இல் வெளியான அலசலில், ஆறு மாதத்தில் லோ கார்ப் எடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்திருக்கிறது, மற்ற உணவு எடுத்தவர்களில் 31 சதவீதம். பன்னிரண்டு மாதம் ஆகும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. இதை எதிர்த்தரப்பு தோல்வி என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆறு மாதம் சுகர் இறங்கியிருப்பதே லாபம்தானே. வெறும் எடை குறைய வேண்டும் என்பவருக்கு மட்டும் கொழுப்பா மாவா என்ற சண்டைக்கு அர்த்தமே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்து 2018இல் முடிவு சொன்னார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ குறைந்தார்கள், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இரண்டு தரப்பையும் சர்க்கரை, மைதாவை விட்டு நிறையக் காய்கறி சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

கொழுப்பு விஷயத்தில் ஆதரிப்பவர் சொன்னதையும் அப்படியே ஏற்க முடியாது. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் கூடினால் பரவாயில்லை, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு குறைந்தால் போதும் என்கிறார். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய் என்று ஏற்றியதில் சிலருக்கு எல்டிஎல் இருநூறைத் தாண்டிய லேப் ரிப்போர்ட்டுகளை என் கண்ணால் பார்க்கிறேன். அப்பாவுக்கு ஐம்பதில் அட்டாக் வந்த குடும்பத்தில் பிறந்தவர் அந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டர் டீயைத் தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் நிலக்கடலை, மீன், முட்டை, நல்லெண்ணெய் என்று போனால் என்ன குறைந்துவிடும்?

அடுத்து சப்பாத்தி. சுகர் வந்துவிட்டால் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது நம் ஊரில் சட்டமாகவே ஆகிவிட்டது. அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் மாவுச்சத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு "நான் சோறு தொடறதில்லை" என்றால் எப்படி? அதே ஐசிஎம்ஆர் குழு 2025இல் சொன்னது இதைத்தான்: இந்தியர்களின் சாப்பாட்டில் சராசரியாக 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் சுகர் ஆபத்து குறையவில்லை, மொத்த மாவையே குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்கு 2022இல் அவர்கள் போட்ட கணக்குப்படி, புதிதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு நீரிழிவு அடங்க, மொத்த ஆற்றலில் மாவுச்சத்து 49லிருந்து 54 சதவீதம் வரை இருந்தாலே நல்ல பலன். பூஜ்யமும் இல்லை, இருபதும் இல்லை, ஏறக்குறைய பாதி.

சரி, மாவு போக மீதிப் பாதிக்கு யார் காசு கொடுப்பது? ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ முப்பது ரூபாய்க்கு. ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ பருப்பில் எத்தனை நாள் கெட்டியாகச் சாம்பார் வைக்கும்? பேலியோ பட்டியலில் காலைச் சாப்பாட்டுக்கு நூறு பாதாம் என்று போட்டிருப்பார்கள். நூறு பாதாம் கிட்டத்தட்ட நூற்றிருபது கிராம், இன்றைய விலையில் ஒரு வேளைக்கே நூறு ரூபாயை ஒட்டி வரும். தையல் பிரிவில் நிற்கிற அந்த அக்காவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆற்றைத் தாண்டினால் நாமக்கல், முட்டை ஆறேழு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்றில் ஆறு கிராம் புரதம். நாலு இட்லியை இரண்டாக்கி இரண்டு முட்டை, மதியம் சோற்றைப் பாதியாக்கிக் காயும் பருப்பும் கூட, சாயங்காலம் போண்டாவுக்குப் பதில் சுண்டல், டீயில் சர்க்கரை இல்லாமல். இவ்வளவுதான் எங்கள் கவுண்டரில் நின்று சொல்ல முடிகிற லோ கார்ப். இதற்கே கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் முதல் இரண்டு வாரம் மீட்டரில் அடிக்கடி பார்க்க வேண்டும், தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சொன்னால் திட்டுவார் என்று பயந்தே பாதிப் பேர் சொல்வதில்லை. "யாரு சொன்னா உனக்கு, கண்டதைப் பாத்துட்டு வந்து பேசாத" என்று ஒரு அதட்டல், மூன்று நிமிடத்தில் அடுத்த டோக்கன். திட்டு வாங்கியவர் டயட்டை விடுவதில்லை, டாக்டரிடம் சொல்வதைத்தான் விடுகிறார். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இலேயே, சுகரைக் குறைக்க மாவுச்சத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, கூடவே கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த மாவு உணவு வேண்டாம், அந்தச் சிறுநீர் வழி மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டது. இதைத் தமிழில் நோயாளியிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த ஞாயிறு இன்னொரு விவாதம் போடாமல், ஒரு சர்க்கரை நோய் நிபுணரை உட்கார வைத்து ஒரு கால் பக்கம் எழுதி வாங்குங்கள். எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது, மாத்திரையின் மருந்துப் பெயர் அட்டையின் எந்த இடத்தில் இருக்கும், தொடங்கும் முன் என்னென்ன டெஸ்ட், வாந்தி வந்தால் மீட்டரை நம்பி உட்காராமல் எங்கே போக வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வெட்டி எடுத்து எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
கரூர்.