சரோவுக்கு, கோத்தகிரியிலிருந்து

கோத்தகிரி
23.11.2025

அன்புள்ள சரோ,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஐப்பசி முடிந்தும் இங்கே மழை விட்டபாடில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் நலம். பேத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை வரும் என்று வழக்கம்போலக் காத்திருக்கிறோம்.

சரி, முத்து விஷயத்துக்கு வருகிறேன். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்கப் போகிறான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. நாட்டில் 90 கோடிக்கு மேல் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது, நூற்றுக்கு ஒருத்தி வாங்கினாலும் 90 லட்சம் சேலை என்று அவன் கணக்குப் போட்டானாம். அதை நம்பி உன் வளையலை அடகு வைத்து 500 சேலை எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்றுதானே என்னைக் கேட்டாய். அந்த உரிமையில் சொல்கிறேன், வளையலைக் கழற்றாதே.

அந்த 90 கோடி பொய்யில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதா மாதம் வெளியிடும் கணக்குதான் அது. ஆனால் அதில் எண்ணப்படுவது இணைப்புகள். ஆளை யாரும் எண்ணவில்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள். ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு கம்பெனி சிக்னல் வீட்டுக்குள் வராது, இன்னொன்று பஜாரில் நிற்காது. அதனால் மகனுக்கு இரண்டு சிம், மருமகளுக்கு இரண்டு. எனக்கு ஒன்று, அவருக்குப் பட்டன் போனில் ஒன்று. ஐந்து பேருக்கு ஆறு சிம் ஆகிறது. பக்கத்து வீட்டு மாதி அக்கா வீட்டில் ஆறு பேர், ஒரே ஒரு போன். அதுவும் அவர் மகனுடையது, காலையில் அவனோடு வேலைக்குப் போய்விடும். இரண்டு வீட்டையும் சேர்த்தால் பதினோரு பேருக்கு ஏழு சிம். நூற்றுக்கு 64 என்று வரும். அந்த 64-ஐ வைத்துக்கொண்டு எங்கள் வீட்டையும் தெரிந்துகொள்ள முடியாது, மாதி அக்கா வீட்டையும் தெரிந்துகொள்ள முடியாது. நாடு முழுவதும் இதே கதைதான். 2024-ல் டிராய் கணக்குப்படி நகரங்களில் நூறு பேருக்கு 130 போன் இணைப்புக்கு மேல் இருந்தது, கிராமங்களில் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. 90 கோடிக்குள் ஒரே ஆள் இரண்டு முறை இருப்பார், ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே முறை இருக்கும்.

முத்து விற்பது சேலை. கட்டப்போவது பெண்கள். அப்படியானால் போன் எந்தப் பெண் கையில் இருக்கிறது என்பதல்லவா முதல் கேள்வி? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டார்கள். ஆண்களில் 57 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பெண்களில் 33 சதவீதம்தான். அதற்கப்புறம் கூடியிருக்கும், மறுக்கவில்லை. டேட்டாவும் மலிந்துவிட்டது. 2014-ல் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய்க்கு மேல் ஆனது, இப்போது பத்து ரூபாய் கூட ஆவதில்லை. ஆனாலும் ஒரு தடவை பார்த்தவளும், தானே தேடித் தானே பணம் கட்டி வாங்குகிறவளும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் இலை எடுத்துவிட்டு மாதி அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "டீச்சரம்மா, பாப்பாவைப் போனில் ஒரு கம்பளி பார்த்துத் தரச் சொல்லுங்க" என்றார். பேத்தி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அக்காவின் விரல்களில் கொழுந்துச் சாறு கறுப்பாக ஏறி, நுனியெல்லாம் தேய்ந்து கிடக்கும். ரேஷன் கடை மெஷினிலேயே இரண்டு மூன்று தடவை வைத்தால்தான் ரேகை விழும். போன் திரையும் அவர் தொட்டால் சரியாக நகரவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும், அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திரைமேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கடையில் துணியின் கனத்தைப் பார்ப்பதுபோல. "தடிமன் தெரியலையே" என்றார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, சரோ.

கடைசியில் என் பெயரில், என் நம்பரில், பொருள் வந்ததும் பணம் என்று ஆர்டர் போட்டோம். நாலு நாள் கழித்து டெலிவரி பையன் ரோட்டு முனையில் நின்றுகொண்டு போன் செய்தான். எங்கள் ஊருக்குள் வண்டி இறங்காது. அக்கா சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார், நான் போய்க் கொடுத்து வாங்கி வந்தேன். விற்ற கம்பெனியின் கணக்கில் கம்பளி வாங்கியது வசந்தா, அதாவது நான். என் போனில் இன்றுவரை கம்பளி விளம்பரமாக வந்துகொண்டிருக்கிறது. பார்த்தது, விலையைக் கேட்டுத் தயங்கியது, நிறம் தேர்ந்தது, பணம் கொடுத்தது எல்லாம் மாதி அக்கா. அவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

முத்து படிக்கிற அறிக்கைகளில் இவர் மாதிரி எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள் என்று அவனை யோசிக்கச் சொல். அவர்களும் வாங்குகிறவர்கள்தான், இன்னொருவர் போன் வழியாக வாங்குகிறார்கள். அதனால் படத்தில் சேலையை மடித்து வைத்துக் காட்டினால் போதாது. ஒரு கை அந்த முந்தானையைப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் துணியின் கனம் தெரியும். முடிச்சுப் போட்ட புள்ளியைக் கிட்டத்தில் எடுக்கட்டும். எத்தனை முழம், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா என்று தமிழில் எழுதட்டும். கூப்பிட்டால் எடுத்துப் பேச ஒரு நம்பர் வேண்டும். பொருள் வந்ததும் பணம் என்கிற வசதியை எடுத்துவிடவே கூடாது. 2010-ல் ஃபிளிப்கார்ட் அதைக் கொண்டுவந்த பிறகுதான் கார்டு இல்லாத வீடுகளுக்கும் பார்சல் போக ஆரம்பித்தது.

இப்போது எல்லாரும் யூபிஐதானே என்று அவன் சொல்வான். பஜார் டீக்கடையில் கூட டீக்கும் வர்க்கிக்கும் ஸ்கேன் செய்கிறார்கள், பெட்டி தமிழில் தொகையைச் சொல்கிறது. எட்டு மணிக்கு மேல் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். இந்த ஆகஸ்ட் மாதம் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி தடவை யூபிஐயில் பணம் போயிருக்கிறது, தொகை 25 லட்சம் கோடி ரூபாயை ஒட்டி. வகுத்துப் பார், ஒரு தடவைக்கு 1,200 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். அந்த டீக்கடையில் 1,200 ரூபாய்க்கு யார் டீ குடிக்கிறார்கள்? பெரிய தொகைகள் சில, சின்னத் தொகைகள் எக்கச்சக்கம். பத்து ரூபாயும் ஒரு தடவைதான், பத்தாயிரமும் ஒரு தடவைதான். இதைப் பார்த்து நம் ஆட்கள் ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள் என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

விளம்பரத்துக்குப் பணம் போடப் போகிறான் என்றும் எழுதியிருக்கிறாய். அதில்தான் எனக்குக் கவலை அதிகம். இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று காட்டுவார்கள். பார்ப்பது என்றால் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸில் இந்த மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை என்று கணக்கு. எத்தனை நொடி பார்த்தார்கள் என்பது அதில் வராது. 2016-ல் ஃபேஸ்புக்கே ஒரு தவறை ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்ததில், மக்கள் வீடியோ பார்க்கும் நேரம் 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்துவிட்டதாம். நம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளின் மார்க்கை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் எப்படி இருக்கும், அதே மாதிரிதான்.

இங்கே ஏதாவது கடையில் சேலையை வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சீசனில் நாளொன்றுக்கு 20,000 வண்டி வரை மலையேறுகிறது என்று பேச்சு வந்தபின், ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. இந்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு வரம்பும் வைத்தார்கள். குஞ்சப்பனை செக்போஸ்டில் வண்டியை நிறுத்திப் பாஸைப் பார்த்துத்தான் விடுவார்கள். வரம்புதான் என்றாலும், கண்ணெதிரே நிற்கிற வண்டியை எண்ணி விடுகிற கணக்கு அது. முத்துவுக்கு அந்த 90 கோடியைவிட இந்த 6,000 உதவும். ஆனால் வருகிறவர்கள் தைலமும் வர்க்கியும் சாக்லேட்டும்தான் வாங்குவார்கள். குளிரில் காட்டன் சேலை போகுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கோடையில் வேண்டுமானால் பத்து வைத்துப் பார்க்கலாம்.

நான் சொல்வது இதுதான். 500 வேண்டாம், 40 சேலையில் தொடங்கட்டும். ஒரு நோட்டு வாங்கிக் கொடு. ஒவ்வொரு சேலைக்கும் எந்தப் பின்கோடு, ஆர்டர் போட்டது யார், கட்டப்போவது யார், பணம் எப்படி வந்தது, திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று எழுதட்டும். போட்டவரும் கட்டுகிறவரும் வேறு வேறு என்று எத்தனை வரியில் வருகிறது என்று எனக்குச் சொல். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு நீயும் அவனும் இங்கே வாருங்கள், பேசுவோம். குறிஞ்சி பூக்கும் காலம் இல்லாவிட்டாலும் பிப்ரவரியில் வெயில் நன்றாக இருக்கும், உன் முழங்காலுக்கும் நல்லது.

அப்புறம், மாதி அக்காவிடம் உன் ஊர்ச் சுங்குடியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒன்று வேண்டுமாம். அரக்கு வேண்டாம், மயில்கழுத்து நிறம், புள்ளி சின்னதாக இருக்க வேண்டும். தபாலிலேயே அனுப்பு, தபால்காரர் ஊருக்குள் வருவார். போன் நம்பர் என்னுடையதைப் போடு. பெயர் மட்டும் மாதி என்றே எழுது.

அன்புடன்,
வசந்தா